கொதித்த சுவர்

அன்று அந்தத் தெருவில் வேலைக்குப் போனவர்களைவிடப் போகாதவர்களே அதிகம். மண்வாக்கு வருகிறாராம். மண்ணோடு பேசுகிற மகான். மண் என்ன சொல்கிறது என்பது அவர் காதுக்கு மட்டுமே கேட்கும். ஆனால் அது எப்போதும் ஒன்றையேதான் சொல்லும்: செங்கல் சூளைக்காரரிடம் போ.

அவர் வந்து இறங்கியதும் சூளைக்காரரின் வேனிலிருந்துதான். பக்தி முற்றிய கண்ணுக்கு வேனெல்லாம் தெரியுமா?

அவர் பார்க்க வந்தது அந்தத் தெருத் தையற்காரி கட்டிக்கொண்டிருந்த வீட்டை. மண்ணில் சுண்ணாம்பைக் கலந்து, அச்சில் அழுத்திக் காயவைத்த கற்களால் அவள் வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், புகையும் இல்லை. மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் இந்த வருஷமும் குழந்தைகளோடு தார்ப்பாய்க்குள்தான். அவள் கணவன், லாரி டிரைவர், கடப்பாரையோடு நின்றான். மகான் சொன்னால் இடித்துவிடுவான்.

"எல்லாரும் மூக்கை மூடிக்குங்க. சாபம் மூக்கு வழியாத்தான் ஏறும்" என்றார் மண்வாக்கு.

தெருவே மூக்கை மூடியது.

குப்பியிலிருந்த மந்திரத் தண்ணீரைச் சூளைச் செங்கல்மேல் ஒரு சொட்டு விட்டார். அது சும்மா இருந்தது. மண்சுவரில் ஒரு சொட்டு விட்டார். சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது.

"பாத்தீங்களா? நெருப்புல குளிக்காத மண்ணு. உள்ள கொதிக்குது. இதுல குடியிருந்தா குடும்பம் விளங்காது."

டிரைவர் ஒரு கையில் மூக்கும் மறு கையில் கடப்பாரையுமாக முன்னே வந்தான்.

"கொஞ்சம் இருப்பா" என்றது ஒரு குரல். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அடுத்த வீட்டு அக்கா. சுவரை நனைக்க இரண்டு வாளித் தண்ணீர் தூக்கி வந்திருந்தாள்.

"அக்கா, மூக்கை மூடுங்க" என்று பதறினாள் தையற்காரி.

"எந்தக் கையால மூடுறது? அதான் வாசனை தெரிஞ்சுபோச்சு. ஐயா, இந்த மந்திரத் தண்ணியத்தான் பத்து வருஷமா கக்கூஸ்ல ஊத்திக்கிட்டு இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் சாபம் யார்மேல் விழுமோ.

"பேசாதே. மண்ணு கோவிச்சுக்கும்" என்றார் மண்வாக்கு.

"கோவிக்கட்டும். மளிகைக்காரர் வீட்டு சிமெண்ட் படியில ஒரு சொட்டு விடுங்க, பாப்போம்."

மகானுக்கு முதலில் நாற்காலி போட்டவர் மளிகைக்காரர். "தாராளமா. என் வீடு சுத்தமான வீடு" என்று தாமே குப்பியை வாங்கிப் படியில் சாய்த்தார்.

சுர்ர்ர். மண்சுவரைவிடப் பலமாக.

"அப்ப... என் வீட்டையும் இடிக்கணுமா?"

"இது ஆசிட்டுண்ணே. சுண்ணாம்புல பட்டா நுரைக்கும். சிமெண்ட்லயும் சுண்ணாம்பு இருக்கு, செங்கல்ல இல்ல. அவ்வளவுதான் மந்திரம்."

மகான் குப்பியைப் பிடுங்கப் போனார். அது அவர் கையிலேயே கொட்டியது. மண்ணோடு பேசுகிறவர் மனுஷக் குரலில் அலறினார். அக்கா அவர் கையைப் பிடித்து வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

"இழுக்காதீங்க. நிறைய ஊத்தணும்."

கடவுள் அன்று அந்தத் தெருவுக்கு வந்திருந்தால், அந்த வாளிக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பார். சூளைக்காரரின் வேன் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.

டிரைவர் கடப்பாரையைக் கீழே போட்டான். "அடுத்த கல்லை எடு, வரிசை வைக்கலாம்" என்றான் மனைவியிடம்.

"முதல்ல மூக்குலேர்ந்து கையை எடு."

எடுத்தான். தெருவும் ஒவ்வொருவராக எடுத்தது. கடவுள் மூக்கைக் கொடுத்ததே முகர்ந்து பார்க்கத்தான். எவனோ சொன்னான் என்று அதை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, ஏன் ஏமாந்தோம் என்று அவரிடமே போய்க் கேட்டால், பாவம், அவர்தான் என்ன சொல்வார்?