இரண்டாவது சாரை

ஒரு காட்டில் மழைக்கு முன்னால் காளான் முளைக்காது, அறிவிப்புப் பலகைதான் முளைக்கும். அந்த வருஷமும் முளைத்தது: “புற்று ஒதுக்கீடு. விண்ணப்பதாரர்கள் சாரை சாரையாக வரவும். இன்றே கடைசி நாள்.”

சாரைப்பாம்பு நீலாயதாட்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடைப் பள்ளத்துச் சருகுக்குள் பதினோரு முட்டை இட்டு வைத்திருந்தாள். மேட்டில் ஒரு புற்று கிடைக்காவிட்டால் முதல் மழையிலேயே அத்தனையும் போய்விடும். அந்தக் கவலையில் மூன்று நாளாக அவளுக்குத் தொண்டையில் தவளை இறங்கவில்லை.

“நம்ம பேரைப் போட்டே கூப்பிட்டிருக்காங்களே!” என்று விழுந்தடித்து ஊர்ந்தாள்.

அலுவலகத்தில் எழுத்தர் ஆமை. ஆமை புகுந்த வீடுதான் உருப்படாது, அலுவலகத்துக்கு என்ன என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜன்னலுக்கு முன்னால் மூவாயிரம் கட்டெறும்புகள், ஆளுக்கொரு விண்ணப்பத்துடன், நூல் பிடித்தாற்போல் நின்றன.

“மேட்டுப் புற்று நாங்களே கட்டினதுங்க. பட்டா மட்டும் போட்டுக் குடுங்க,” என்றது முன்னால் நின்ற பொன்னுரங்கம்.

“நீங்க சாரையா?”

“எறும்புங்க.”

“பலகையைப் படிக்கலையா? சாரைக்குத்தான். அடுத்தது!”

நீலாயதாட்சி நெஞ்சை நிமிர்த்தினாள். பாம்புக்கு எது நெஞ்சு என்று கேட்கக் கூடாது. “நான் சாரைங்கய்யா.”

“இன்னொரு சாரை எங்கே? ரெண்டு தடவை எழுதியிருக்கில்ல?”

“வீட்டுக்காரர் கீரியைப் பார்த்துப் பேசிட்டு வரேன்னு போனாருங்க.”

“வந்தாரா?”

“கீரி வந்துச்சுங்க.”

ஆமை ஜன்னல் கதவில் கை வைத்தது. வானம் இடித்தது. நீலாயதாட்சிக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பினாள். கறுப்பாக, நீளமாக எறும்பு வரிசை.

“பொன்னுரங்கம் அண்ணே, எல்லாரும் கொஞ்சம் நெளிஞ்சு நிக்கிறீங்களா? புற்று நம்ம ரெண்டு பேருக்கும் பொது.”

நெளிவது எறும்புக்கு மானக்கேடு. ஆனாலும் பட்டா ஆசை யாரை விட்டது? நெளிந்தன.

“இவர் என் கொழுந்தனாருங்க.”

ஆமை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தது. “ஏன் புள்ளி புள்ளியா இருக்காரு?”

“தோல் உரிக்கிறாருங்க.”

மூவாயிரம் விண்ணப்பமும் குப்பைக்குப் போயின. ‘நான் ஒரு சாரை’ என்று ஒரே தாளில் எழுதிப் பொன்னுரங்கம் கால்ரேகை வைத்தது. ஆமை முத்திரை குத்தியது.

முட்டைகளை எறும்புகளே உருட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மழைக்கு முன்னால் முட்டை தூக்குவது பரம்பரைப் பழக்கம். யார் முட்டை என்று ஒன்றும் கேட்கவில்லை.

மழை கொட்டியது. புற்று வாசலில் எறும்புகள் நனைந்துகொண்டு நின்றன. நீலாயதாட்சிக்குப் பாவமாகத்தான் இருந்தது. முட்டைகளைப் பார்த்தாள், சரியாகிவிட்டது.

“கொழுந்தனாரே, ஒரு சாரைன்னுதானே எழுதிக் குடுத்தீங்க? ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க.”

அன்றிலிருந்துதான் எறும்புகள் போனால் சாரை சாரையாகப் போகின்றன என்கிறோம். முத்திரை குத்தியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

நீதி: ஒழுங்காக வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்வழக்கில் இடம் நிச்சயம், புற்றில்தான் கொஞ்சம் நெருக்கடி.