என் வீட்டு நடையும் சரோஜா அண்ணியின் பசுவும்

வீட்டுத் தரை விஷயத்தில் இந்த உலகம் எனக்கு அநியாயம் செய்துவிட்டது. படிக்கிறவர்களாவது நியாயம் சொல்லட்டும் என்றுதான் எழுதுகிறேன். (எங்கள் வீட்டில் யாரிடமும் இனி நியாயம் கேட்பதாக இல்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.)

பென்னாகரத்தில் நாங்கள் வீடு கட்டிய சமயம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் முருகேசன் கால்நடை ஆய்வாளர். சுற்றுவட்டாரத்து ஆடு மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவர். வீடு கட்டுவது என்று ஆரம்பித்தால் எல்லாரும் ஆளுக்கொரு யோசனையோடு வந்துவிடுவார்கள், தெரியுமல்லவா? சமையலறை எந்த மூலையில் என்பதை வாஸ்துக்காரர் முடிவு செய்தார். தண்ணீர்த் தொட்டி எங்கே என்பதை மேஸ்திரி முடிவு செய்தார். பெயின்ட் நிறத்தைக் கணவரின் நண்பர்கள் கூடி டீக்கடையில் முடிவு செய்தார்கள். கடைசியில் எனக்கென்று மிஞ்சியது நடை ஒன்றுதான். வாசற்கதவைத் திறந்ததும் ஹாலுக்குக் கூட்டிப்போகிற நீளமான நடை. அதன் தரையையாவது நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அந்த உரிமையை வாங்கினேன்.

கணவருக்கு வெள்ளை வெளேரென்று பளபளக்கும் டைல்ஸ்தான் ஆசை. எனக்கு அதைக் கண்டாலே ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வரும். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. என் மனதில் இருந்ததே வேறு. அந்தக் காலத்து பங்களாக்களில் போட்டிருப்பார்களே, கோலம் கோலமாகச் சிமெண்டுக் கல், அது. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று “அடேயப்பா!” என்று வாயைப் பிளக்க வேண்டும். (நின்றார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

தர்மபுரியில் டைல்ஸ் கடை வைத்திருந்த சாதிக் பாய் என் ஆசையைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டார். சிவப்பில் பூப்போட்டது, பச்சையில் கொடி ஓடியது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். “பூவெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்குதுங்க பாய்” என்று உதட்டைப் பிதுக்கினேன். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினார்.

“மேடம், இது ஜமீன் பங்களா மாடல்ங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் வூட்லயெல்லாம் இதான். இப்ப மறுபடியும் ஃபேஷன் ஆயிடுச்சு.”

ஆறு மூலைக் கற்கள். ஒவ்வொரு கல்லுக்குள்ளும் மூன்று சாய்சதுரங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் சாய்சதுரத்தைக் கோணல்மாணலாக வரைந்தே காலம் தள்ளிய எனக்கு, அத்தனை சுத்தமான சாய்சதுரங்களை ஒரே இடத்தில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

“இதேதான்!”

கணவர் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். “கொஞ்சம் பொட்டி பொட்டியா தெரியல?”

“அது ஜியோமெட்ரிங்க.”

“ஜியோமெட்ரியாவே இருக்கட்டும். பொட்டியாத்தான் தெரியுது.”

“உங்களுக்கு ரசனையே கிடையாது” என்றேன், பாய் முன்னாலேயே. பாய் நாகரிகமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார். கல் பளபளப்பாக இருக்க வேண்டுமானால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லி வழியனுப்பினார்.

நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கல் பதித்து முடித்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தேன். சுவரில் பார்த்தபோது சமர்த்தாக இருந்த சாய்சதுரங்கள் தரைக்கு வந்ததும் குணத்தை மாற்றிக்கொண்டிருந்தன. முழு நடையும் படிக்கட்டாகத் தெரிந்தது. ஒரு கணம் பார்த்தால் மேலே ஏறியது, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் கீழே இறங்கியது. தலை லேசாகச் சுற்றியது. சந்தோஷத்தில் சுற்றுகிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

கணவர் வந்தார். வாசலைத் தாண்டியதும் இல்லாத படியில் ஏறுவதற்குக் காலைத் தூக்கி, காற்றில் வைத்து, தொப்பென்று இறங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். பயத்தில் வந்த பாராட்டு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், நானே உட்கார்ந்து நடை முழுவதும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். முகம் தெரிந்தது.

மறுநாள் விடிகிற நேரம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் கூடியிருந்தார்கள். புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும் இல்லையா? கணவரின் அக்கா சரோஜா அண்ணி ஏரியூரிலிருந்து தன் லட்சுமியையும் அதன் கன்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். லட்சுமி சாதாரணப் பசு அல்ல. ஏரியூர்ப் பக்கம் பல வீடுகளில் முதல் காலடி வைத்த அனுபவசாலி. அண்ணிக்கு அதில் தனிப் பெருமை.

மேளம் கொட்டியது. லட்சுமி வாசற்படி ஏறியது. முன்னங்காலைத் தூக்கியது. குனிந்து நடையைப் பார்த்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டது.

அண்ணி கயிற்றை இழுத்தார். அசையவில்லை.

“ஏம்மா கோமதி, உள்ள என்னா படி கட்டி வெச்சிருக்க?”

“படி இல்லீங்க அண்ணி, சமதரைதான்.”

“பின்ன அது என்னா, கீழ எறங்குது?”

“அது சாய்சதுரங்க அண்ணி.”

“சதுரமே சாஞ்சி கெடந்தா மாடு எப்படிம்மா நிக்கும்?”

இதற்குக் கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற நான், ஒரு மாட்டைக் கெஞ்ச ஆரம்பித்தேன்.

அகத்திக்கீரை காட்டினார்கள். லட்சுமி கழுத்தை நீட்டிக் கீரையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியிலேயே நின்று மென்றது. வாழைப்பழம் காட்டினார்கள். அதற்கும் அதே மரியாதை. ஐயர், “நல்ல நேரம் போயிட்டிருக்கும்மா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். (மாட்டைப் பார்த்துச் சொன்னால் என்னவாம்?) பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “வாயில்லா ஜீவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அந்த வூட்ல என்னமோ சரியில்ல” என்றது. இன்னொரு குரல், “மாடு ஏறலன்னா இன்னொரு நாள் பாத்து வெச்சுக்கறதுதான் நல்லது” என்றது. சமையற்காரர் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார், இட்லி ஊற்றலாமா வேண்டாமா என்று.

எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கணவரைத் தேடினேன். மாவட்டத்து மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனிதர், லட்சுமியின் பின்னால் நின்று பட்டு வேட்டியோடு தள்ளிக்கொண்டிருந்தார். லட்சுமி வாலால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது. மூச்சு வாங்க என்னிடம் வந்து காதோடு சொன்னார்:

“கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தா மாடு குழின்னு நெனச்சிக்கும். அதுக்குத் தரையில மேடு பள்ளம் சரியாத் தெரியாது.”

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“படிச்சிருக்கன்ல.”

“அப்புறம் ஏங்க கடையில சொல்லல?”

“கடையில நீ மாட்டுக்கு டைல்ஸ் வாங்கறன்னு சொல்லலியே.”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினேன். “எல்லாரும் பாருங்க! படியும் கிடையாது, பள்ளமும் கிடையாது! வெறும் தரை!” என்று கத்திக்கொண்டே லட்சுமியைச் சுற்றி உள்ளே போனேன். நடையின் நடுவில் நின்று, மாட்டைப் பார்த்து, “இதோ பாரு, தரை! தரை!” என்று காலால் ஓங்கி மிதித்தும் காட்டினேன்.

முதல் மிதிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மிதி தேங்காய் எண்ணெய் நன்றாக ஊறியிருந்த ஒரு வெள்ளைச் சாய்சதுரத்தில் விழுந்தது. அடுத்த நொடி நான் மல்லாக்கக் கிடந்தேன். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

அந்த மேளச் சத்தத்தையும் மீறிச் சரோஜா அண்ணியின் குரல் கேட்டது.

“பாத்தீங்களா! வுழுந்துட்டா! நான்தான் அப்பவே சொன்னன்ல, பள்ளம்னு!”

லட்சுமி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் சத்தியமாக ஆச்சரியம் இல்லை.

கணவர் ஓடிப்போய்ப் பந்தியில் விரித்திருந்த ஜமுக்காளங்களை உருவிக்கொண்டு வந்து நடை முழுவதும் விரித்தார். ஒரு சாய்சதுரமும் வெளியே தெரியவில்லை. லட்சுமி மகாராணிபோல நடந்து உள்ளே வந்தது, கன்று பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது. ஹாலுக்குப் போகும் முன் ஜமுக்காளத்தின் நடுவில் நின்று நிதானமாகச் சாணி போட்டது. “லட்சுமி கடாட்சம்!” என்று கூட்டமே கைதட்டியது. அண்ணி அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கட்டிக்கொண்டார். நான் சுவரோரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் வந்து, இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். கன்றுக்குட்டிகளை எப்படி அமுக்கிப் பார்ப்பாரோ, அப்படியே.

நீங்களே சொல்லுங்கள். கல்லில் தப்பில்லை. கணக்கில் தப்பில்லை. ஒரு மாட்டுக்குக் கண் சரியில்லை என்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆனால் எங்கள் சொந்தத்தில் அன்றைக்கு ஒரு பேச்சு பிறந்துவிட்டது. யாராவது ஒரு காரியத்தில் இறங்காமல் யோசித்துக்கொண்டே இருந்தால், “என்னா, கோமதி வூட்டு வாசல்ல நிக்கிறியா?” என்பார்கள். அண்ணியின் மகள் கல்யாணப் பேச்சில் சேலத்து மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்தடித்தபோது, அண்ணி அவர்களிடமே போனில், “இன்னும் எவ்ளோ நாளைக்குங்க கோமதி வூட்டு வாசல்லயே நிப்பீங்க?” என்று கேட்டுவிட்டாராம். யார் அந்தக் கோமதி என்று அவர்கள் விசாரிக்க, அண்ணி முழுக் கதையையும் சொல்ல, சிரித்த சிரிப்பில் சம்பந்தம் முடிவாகிவிட்டது.

போன மாதம் புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைத்திருந்தோம். மாப்பிள்ளை நல்ல பையன், அடக்கமான பையன் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். நடையைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

“அத்தை, உள்ள வரலாமுங்களா? இல்ல, ஜமுக்காளம் போடுவீங்களா?”

இலையில் அவருக்குப் பாயசம் மட்டும் கொஞ்சம் குறைவாகத்தான் ஊற்றினேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.