பல்செட் போய்ச் சேரும் நேரம்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மாமியாரோட பல்செட்டைக் கொண்டுபோய்க் குடுக்கணும்.

பௌர்ணமி. மாமியாரும் என் மனைவியும் மத்தியானமே மலை சுத்தக் கிளம்பிட்டாங்க. செல்போன் இல்லாத காலம். வழியில ஒரு பூத்துலேருந்து மனைவி வீட்டுக்கு போன் பண்ணா.

"ஏங்க, அம்மா பல்செட்டை டம்ளர்லயே விட்டுட்டு வந்துட்டாங்க. பாதி வழி தாண்டி அடி அண்ணாமலைலதான் சாப்பிடப் போறோம். அதுக்குள்ள கொண்டாந்துடுங்க. பாவம், காலையிலேருந்து விரதம்!"

"ஆறு மணிக்கு அங்க இருப்பேன்"னேன். சும்மா இல்ல, கணக்குப் போட்டுச் சொன்னேன்!

பேங்க் பரீட்சை எழுதற பசங்களுக்கு நான் கணக்கு டியூஷன் எடுக்கறவன். ஆத்தை எதிர்த்துப் போற படகு எப்பப் போய்ச் சேரும்ங்கறதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. "நம்ம ஊர்ல ஆறே இல்லையே சார்"னு ஒருத்தன் கேட்டதுக்கு, "பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையைப் போய்ப் பாருடா, அதான் ஆறு"ன்னு வாயை அடைச்சவன்.

எங்க வீடு கிரிவலம் முடியற பக்கம். அன்னைக்கு வண்டி எதுவும் விட மாட்டாங்க. கூட்டத்துக்கு எதிரா நடந்தா தூரம் கம்மி. என் வேகத்துல கூட்டத்தோட வேகத்தைக் கழிச்சேன். ஆறு மணி! பல்செட்டை டிபன் டப்பாவுல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கொஞ்ச தூரம்கூடப் போகல. ஒரு அம்மா மறிச்சாங்க.

"ஏம்பா, சாமியை எதிர்ப்பக்கமா சுத்தறியே, குடும்பம் நல்லாருக்க வேணாமா?"

தோளைப் பிடிச்சுத் திருப்பியே விட்டுட்டாங்க!

அவங்க போனதும் மறுபடி திரும்பினேன். ஒரு போலீஸ்காரர். "யோவ், கும்பல் ஜாஸ்தி. எதிர்ல வராதய்யா!"

அவர் கண்ணுல படாம ஓரமா நழுவினேன். ஒரு பெரியவர் டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "பிரசாதமா? கொஞ்சம் குடுங்க." பின்னாலயே இன்னும் நாலு கை.

"ஐயோ, பல்லுங்க இது!"ன்னு திறந்து காட்டினேன். அத்தனை பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

கடைசியா வந்தாங்க என் டியூஷன் பசங்க. "சார், வழி மாறி வந்துட்டீங்க!"ன்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

"டேய், மாமியார் பசியோட இருக்காங்கடா!"

"எல்லாம் சாமி பாத்துக்கும் சார்."

குருபக்தி! இழுத்துட்டு வந்து எங்க தெருமுனை டீக்கடை பெஞ்சுல உட்கார வெச்சுட்டுத்தான் போனாங்க. ஆத்தோட வேகம் படகைவிட ஜாஸ்தியா இருந்தா படகு பின்னாலதான் போகும். போர்டுல எழுதிப்போட்டது நானேதான்!

அந்த பெஞ்சுலயே இருந்தேன். ராத்திரி மனைவியும் மாமியாரும் எதிர்ல வந்து நின்னாங்க.

"என்னங்க, இன்னும் கிளம்பவே இல்லியா?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. டப்பாவை நீட்டி, "சாப்பிட்டீங்களா அத்தை?"ன்னேன்.

"அன்னதானத்துல சூடா பொங்கல் குடுத்தாங்க மாப்ளே. அதுக்கெதுக்குப் பல்லு?"ன்னு வாய் நிறையச் சிரிச்சாங்க.

மறுநாள் டியூஷன்ல அதே பாடம். "படகு எப்ப சார் போய்ச் சேரும்?"னு ஒருத்தன் கேட்டான்.

"மாமியார் சாப்பிட்டு முடிச்சப்புறம்"னேன்.