குணத்துக்கு ஒரு ஓட்டு

பூட்டுக்கடை மாமா அந்த வீடியோவை நாற்பத்தோராவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையாவது பாப்பா மட்டையை எறியாமல் விட்டுவிட மாட்டாளா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

எறிந்தாள். மூன்றடி தூரத்தில் இருந்த குழிக்குள் விழாமல் பந்து விளிம்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது. பாப்பா அதையே ஒரு நொடி பார்த்தாள். அடுத்த நொடி கோல்ஃப் மட்டை காற்றில் சுழன்றுபோய்க் குளத்தில் விழுந்தது. ஒரு வாத்து அலறிக்கொண்டு பறந்தது. மொத்தமே பதினோரு விநாடிதான்.

"அந்த வாத்து மட்டும் பறக்காம இருந்திருந்தா இவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார் மாமா.

"வாத்து மேல ஏங்க பழி போடறீங்க?" என்றாள் அவர் மனைவி. "இந்தக் கோபம் யார் வீட்டுச் சொத்துன்னு எனக்குத் தெரியும்."

"எங்க பரம்பரையில யாருக்கும் கோபமே கிடையாது!" என்று மாமா மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். ஸ்டேப்ளர் துள்ளிக் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. இந்த வருடத்தில் அது மூன்றாவது. அத்தை மேசை இழுப்பறையிலிருந்து நான்காவதை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். அவள் ஸ்டேப்ளரை டஜனாகத்தான் வாங்குவது.

கடைத்தெரு முழுவதும் அவர்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடும். பாப்பா கூப்பிட்டுப் பரவிய பழக்கம் அது. மாமாவின் அக்கா மகள், வயது பத்தொன்பது. கோல்ஃப் மைதானம் இந்த ஊரில் இருப்பதால் நான்கு வருடமாக மாமா வீட்டில்தான் இருக்கிறாள். இந்த ஆண்டின் இளையோர் சாம்பியன் அவள்தான். வரப்போகிற பெரிய கோப்பைக்குப் பன்னிரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு இடம் பெரிய ஆட்டக்காரிகளுக்கு. பன்னிரண்டாவது இடத்துக்கு மூன்று இளையவர்களின் பெயரைப் போட்டு, யார் வேண்டும் என்று ரசிகர்களிடமே ஓட்டுக்கு விட்டிருந்தார்கள். மூன்று வாரம் ஓட்டு நடக்கும். பாப்பாதான் முதலிடத்தில் இருந்தாள். வாத்து பறந்த மறுநாள் காலையில் பார்த்தால் மூன்றாவது இடம். இருப்பதே மூன்று பேர் என்பதால், அதற்கும் கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே நின்றாள்.

ரசிகர்கள் எழுதியதை மாமா சத்தம் போட்டுப் படித்தார். "'ஆட்டம் இருக்கு, அடக்கம் இல்லை.' 'இப்பவே மட்டையை எறியறா, கோப்பை கைக்கு வந்தா நம்மளையும் சேர்த்துக் குளத்துல தள்ளுவா.' இவனுக்கெல்லாம் கோல்ஃப் மட்டை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அத்தை.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி அவரை யாராலும் அசைக்க முடியாது.

"சரக்கு முதல் தரம். அலமாரியில வச்ச விதம்தான் சரியில்லை" என்றார். "பூட்டு வாங்க வர்றவன் உள்ள பிரிச்சா பார்க்கிறான்? வெளிய பளபளன்னு இருக்கான்னு பார்க்கிறான். அதோ, கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு துருப்பிடிச்ச பூட்டு எதுக்கு வச்சிருக்கேன்? விக்கவா? அதுக்குப் பக்கத்துல புதுசை வச்சாத்தான் புதுசு கண்ணைப் பறிக்கும். இந்தத் தொழில்ல முப்பது வருஷம்! ரசிகன் எனக்கு எம்மாத்திரம்? பாப்பா, இனிமே நீ சிரிக்கணும்."

"எப்ப மாமா?"

"எப்பவும்."

"சரி மாமா" என்றாள் பாப்பா. நான்கு வருடமாக அவள் மாமாவிடம் அதிகம் பேசிய சொற்கள் இந்த இரண்டுதான்.

கடைக் கண்ணாடி முன்னால் நான்கு நாள் பயிற்சி நடந்தது. "பல்லு தெரியணும். ஆனா எல்லாத்தையும் காட்டாதே. மேல் வரிசை போதும். கீழ் வரிசை இருப்புல இருக்கட்டும்."

அந்த வாரப் போட்டியில் பாப்பா சிரித்தாள். பந்து மணலில் புதைந்தபோது சிரித்தாள், புதருக்குள் போனபோதும் சிரித்தாள். கூட ஆடிய பெண்ணின் பந்து அடுத்தடுத்து இரண்டு முறை தண்ணீரில் விழுந்து, அவள் புல்லில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதபோதும், மாமா சொன்னபடியே, மேல் வரிசை தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு முகத்தையும் ஒன்றாகக் காட்டினார்கள்.

'அடுத்தவ அழுதா இவளுக்குச் சிரிப்பு வருது. இதுக்கு மட்டையை எறிஞ்சதே தேவலை' என்று ஒரு ரசிகர் எழுதினார். அதை ஒன்பதாயிரம் பேர் ஆமோதித்திருந்தார்கள்.

"கொஞ்சம் அதிகமா மெருகு ஏத்திட்டோம்" என்றார் மாமா, தளராமல். "மாத்திடுவோம். இனிமே முகத்துல எதுவுமே தெரியக்கூடாது. உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாம இருக்கிறதுதான் நல்ல பூட்டுக்கு லட்சணம்."

"சரி மாமா."

அடுத்த வாரம் பாப்பா ஆயுளில் ஒருமுறை வாய்க்கிற அடி ஒன்றை அடித்தாள். நூற்று நாற்பது கஜத்துக்கு அப்பாலிருந்து அடித்த பந்து இரண்டு தடவை துள்ளி, உருண்டு, ஒரே அடியில் குழிக்குள் போய் விழுந்தது. கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. பாப்பா பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, தான் வரைந்த பாப்பா படத்தை நீட்டினாள். பாப்பா அதை மின்சார பில் வாங்குவதுபோல வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

'இது மனுஷியா, மரக்கட்டையா? அந்தக் குழந்தையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா குறைஞ்சா போயிடுவா?'

"போன வாரம் சிரிச்சது தப்புன்னு சொன்னதும் இவங்கதானே!" என்று மாமா எழுந்தார். அத்தை சட்டென்று ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இனி மன்னிப்பு ஒன்றுதான் வழி என்று மாமா முடிவு செய்தார். பாப்பாவின் இணையப் பக்கத்தில் பாப்பா பெயரிலேயே, கடை போனிலிருந்து, அரை நாள் உட்கார்ந்து எழுதினார். உருக்கமாகத்தான் இருந்தது. எழுதி முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. அனுப்பினார். கடை போனில் என்ன எழுதினாலும் அடியில் இரண்டு வரி தானாக ஒட்டிக்கொள்ளும்படி அத்தை போன வருடம் ஏற்பாடு செய்து வைத்திருந்தது அவருக்கு மறந்துபோயிருந்தது.

'என் செயலால் மனம் புண்பட்ட ஒவ்வொருவரிடமும் தலைவணங்கி மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு பூட்டு வாங்கினால் சாவி வளையம் இலவசம். ஞாயிறும் திறந்திருக்கும்.'

மாலைக்குள் அந்த மன்னிப்பு வாத்தையே மிஞ்சிவிட்டது. அடுத்த மூன்று நாளில் நான்கு பேர் கடைக்கு வந்து, ரசிகர்கள் என்று சொல்லி, சாவி வளையம் மட்டும் கேட்டார்கள்.

அதற்கும் மாமா அசரவில்லை. பதினோரு பொய்ப் பெயர்களில் பதினோரு ரசிகர்களை உண்டாக்கினார். பதினோரு பேரும் பாப்பாவைப் புகழ்ந்தார்கள். 'இந்தப் பெண்ணின் குணம் முதல் தரம், துருப்பிடிக்காது' என்றார் ஒருவர். 'நம்பி வாங்கலாம்' என்றார் இன்னொருவர். இந்தப் பதினோரு பேரும் ஒரே கடையில் வேலை பார்க்கிறார்களா என்று யாரோ கேட்டதோடு அந்தக் கூட்டம் கலைந்தது.

"போதுங்க, விட்டுடுங்க" என்றாள் அத்தை. "நீங்க கையை வைக்க வைக்க ஓட்டு இறங்குது."

"விடறதா? என் கடைக்குள்ள வந்தவன் ஒருத்தனையாவது வெறுங்கையோட அனுப்பியிருக்கேனா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு!"

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கொல்லைப்பக்கம் போனபோது, பாப்பா ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் சாய்த்துவைத்து, மூன்றடி தள்ளிநின்று பந்தை அதற்குள் தட்டிக்கொண்டிருந்தாள். பந்து போய் விழும், எடுப்பாள், மறுபடி தட்டுவாள். பக்கத்துச் சுவரில் கரிக்கோடுகள். மாமா எண்ணிப் பார்த்தார். நானூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். அவள் உள்ளங்கை உரிந்து சிவந்திருந்தது.

"மாமா" என்றாள், திரும்பாமலே. "பெரிய கோப்பைக்கு நான் போகணும். அங்க போய் ஆடித் தோத்தாக்கூடப் பரவாயில்லை. ஆடாமலே, வீட்டுல உட்கார்ந்தபடி தோக்க மாட்டேன்."

நான்கு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி மாமா கேட்டதில்லை.

"இவங்களுக்கு என்ன குணம்தாம்மா வேணும்? எனக்கே பிடிபடலை."

பாப்பா பந்தைத் தட்டினாள். டம்ளர் கிண்ணென்றது. "ஞாயித்துக்கிழமை ஆட்டம் பார்க்க வாங்க மாமா. பதினேழாவது குழிக்கிட்ட, குளத்தோரமா நில்லுங்க. அங்க கூட்டம் இடிக்காது. குடை எடுத்துக்கோங்க."

"மழையே இல்லையே?"

"வெயிலுக்கு, மாமா."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அத்தை அவரிடம் சத்தியம் வாங்கினாள். "யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது."

"நான் என்ன கோபக்காரனா?" என்று மாமா கோபமாகக் கேட்டுவிட்டு, சத்தியம் செய்தார்.

குளத்தோரத்தில் காற்றோட்டமாகத்தான் இருந்தது. சற்று எட்ட, பாப்பாவின் மட்டைப் பையைச் சுமக்கிற அண்ணன் தோளில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டு நடந்தார். மட்டையைத் துடைக்க ஒன்று போதுமே என்று மாமாவுக்குத் தோன்றியது, பிறகு மறந்துவிட்டார். பாப்பா பதினேழாவது குழிக்கு வந்தாள். மிச்சம் மூன்றடி. அதே மூன்றடி. மாமா மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் தட்டினாள். கொல்லைப்பக்கத்து டம்ளருக்குள் விழுவதுபோலப் பந்து சத்தமில்லாமல் போய் விழுந்தது.

மாமா கைதட்ட வாயெடுத்தபோது, இல்லை, கையெடுத்தபோது, மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கரை நெடுக இடம் காலியாகக் கிடந்தது. ஆனாலும் மாமாவை உரசிக்கொண்டுதான் நின்றார்.

"ஆட்டம் சரிதான்" என்றார் மஞ்சள் தொப்பி, குளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. "வளர்ப்புதான் சரியில்லை."

மாமா குடைக்காம்பை இறுக்கிப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். சத்தியம் செய்திருக்கிறார். ஒன்பது, பத்து. தாங்கிக்கொண்டார். அவருக்கே பெருமையாக இருந்தது.

"வளர்த்தது ஒரு பூட்டுக்கடைக்காரராம்" என்று மஞ்சள் தொப்பி தொடர்ந்தார். "அவர் கடைப் பூட்டைக் குழந்தைகூட ஹேர்பின்னால திறந்துடுமாம்."

அதற்கப்புறம் நடந்தது மாமாவுக்கு நினைவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. "எவன்டா சொன்னது!" என்று ஒரு கர்ஜனை. குடை காற்றில் சுழன்றுபோய்க் குளத்தில் விழுந்தது. ஒரு வாத்து பறந்தது. பழைய வாத்தாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தடவை அலறவில்லை.

எல்லாக் கேமராவும் திரும்பின.

அடுத்த குழியை நோக்கி நடந்துகொண்டிருந்த பாப்பா நின்றாள். காலணியைக் கழற்றினாள். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குடையை எடுத்துவந்தாள். உதறி, விரித்து, மாமா கையில் கொடுத்தாள்.

"வெயில் அடிக்குது மாமா. பிடிச்சுக்கோங்க."

பிறகு மஞ்சள் தொப்பியிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க சார். எங்க மாமா ரொம்ப நல்லவர்" என்றாள். பை சுமக்கிற அண்ணன் இரண்டாவது துண்டை நீட்டினார். காலைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலப் போய் அடுத்த பந்தை அடித்தாள்.

அன்று அவள் எத்தனையாவதாக வந்தாள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ரசிகர்கள் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

'இப்படி ஒரு மாமாவோட நாலு வருஷம் இருந்துட்டு, ஒரே ஒரு மட்டையோட நிறுத்தியிருக்கா. தெய்வம்யா அந்தப் பொண்ணு!'

'பொறுமைன்னா என்னன்னு இவகிட்ட கத்துக்கணும்.'

'மரக்கட்டைன்னு எழுதினவன் நான்தான். வாபஸ் வாங்கிக்கிறேன்.'

மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது இடம். ஆறு மணிக்கு முதலிடம். பெரிய கோப்பையின் பன்னிரண்டாவது ஆட்டக்காரி பாப்பாதான்.

திங்கட்கிழமை காலை மாமா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னார். "சத்தியத்தை மீறினதுக்கு வீட்டுல திட்டு விழுந்துச்சு. விழட்டும். நான் மட்டும் அந்த நேரத்துல நிதானம் தவறலைன்னா என்ன ஆகியிருக்கும்? சொல்லுங்க! தற்செயலா நடந்துச்சு, ஆனா நான்தானே நடத்தினேன்?"

சொல்லி முடிக்கும்போது மஞ்சள் தொப்பி கடைப்படி ஏறிவந்தது.

மாமாவின் கை தானாக மேசை மேல் தேடியது. ஸ்டேப்ளரை அத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டாள். அகப்பட்டது கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த துருப்பிடித்த பூட்டுதான். அதை ஓங்கினார்.

"ஐயோ சார், எறிஞ்சுடாதீங்க! பாப்பாவோட பை தூக்குறாரே, அவரோட மச்சான் நான்" என்று வந்தவர் இரண்டடி பின்வாங்கிச் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "நான் உங்ககிட்ட சொல்றதுக்குன்னு பாப்பா நாலு வரி எழுதிக் கொடுத்துச்சு, நீங்க ரெண்டாவது வரிக்கே குடையை விட்டுட்டீங்க, மிச்ச ரெண்டும் அப்படியே இருக்கு, அதுகிட்டயே கொடுத்துடுங்க."