பிளாப்பிக்குச் சேதாரம் எத்தனை?

"எல்லாஞ் செரி தம்பி. சேதாரம் எத்தனை?" என்று கேட்டார் கோவிந்தராஜுலு.

"சேதாரமே இல்லீங்க," என்றான் ரங்கராஜ், பெருமையாக.

அங்கேதான் காரியம் கெட்டது. நூல் மில் முதலாளியிடம் போய்ச் சேதாரமே இல்லை என்று சொல்பவன் ஒன்று மில்லையே பார்க்காதவன், இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன். ரங்கராஜ் முதல் வகை. காந்திபுரத்து மாடியறை ஒன்றில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். பஞ்சு நூலாவதை அன்றைக்குக் காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

விஷயம் இதுதான். மில் உடுமலைப்பேட்டையில். ஹெட் ஆபீஸ் கோயமுத்தூரில். எந்த மெசினில் எவ்வளவு பஞ்சு போனது, எவ்வளவு நூல் வந்தது, எவ்வளவு வேஸ்ட் விழுந்தது, அதை எந்த விலைவரை இறங்கி விற்கலாம் என்று மில்லில் ராமாமணி தாளில் எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து வைப்பாள். வாரக் கடைசியில் அது பிளாப்பியில் ஏறி பஸ்ஸில் ஹெட் ஆபீஸ் போக வேண்டும். ஒரு பிளாப்பியில் அடங்காமல் மூன்றுக்கு வழிந்தது. மூன்றில் ஒன்று வழியிலேயே கெட்டுப்போகும். எது என்பது கோயமுத்தூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். தொண்ணூற்றேழாம் வருஷத்துப் பிளாப்பிக்கு அதற்கு மேல் ரோஷம் கிடையாது.

ரங்கராஜ் இதற்கு ஒரு வழி கண்டிருந்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சும்மா கொடுத்த சிடியில், தகவலைச் சுருக்கிக் கட்டுகிற, லைப்ரரி என்று சொல்கிற ரெடிமேட் புரோகிராம் துண்டு ஒன்று இருந்தது. புரோகிராம் எழுதுகிற யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமுக்குள் வைத்துக்கொள்ளலாம். மூன்று பிளாப்பிச் சரக்கு இப்போது ஒன்றில் அடங்கியது. அந்தப் பக்கம் பிரித்தால் பழையபடி முழுசாக வந்தது.

"கொறஞ்சிருச்சுங்கறே. கொறையவும் இல்லீங்கறே. அதெப்படி தம்பி?"

கோவிந்தராஜுலு குதர்க்கமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. புது மெசின் வந்து இறங்கினால், ஃபிட்டர் வருவதற்குள் நாலு நட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிடுகிற மனிதர்.

"மில்லுப் பேரு ஆயிரம் எடத்துல வருதுன்னு வெச்சுக்குங்க. ஒரு எடத்துல முழுசா எழுதிப்போட்டு, மத்த எடத்துலெல்லாம் 'மேலே சொன்னதே'ன்னு ஒரு குறி மட்டும் போட்டுருமுங்க."

"பத்திரத்துல மேற்படி, மேற்படின்னு எழுதுவாங்களே, அந்த மாதிரியா?"

"அதேதானுங்க."

"எங்கப்பா ஒரு மேற்படியிலதான் நாலு ஏக்கரை உட்டாரு," என்றார் கோவிந்தராஜுலு.

பக்கத்தில் நின்ற ஹெட் ஆபீஸ் மேனேஜர் ஐயாசாமி, "நல்ல தென்னந்தோப்புங்க," என்று துக்கமாகத் தலையாட்டினார்.

"செரி, இதை எழுதுனவனுக்கு நாம என்ன குடுக்கோணும்?"

"ஒண்ணும் வேண்டாங்க. யாரோ வெளிநாட்டுக்காரங்க, சும்மாவே குடுக்கறாங்க. அவங்க எழுதுனதை நாம எழுதுனதாச் சொல்லிக்கக் கூடாது, அவ்வளவுதான் கண்டிசன்."

கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காசும் இல்ல, சேதாரமும் இல்ல. தம்பி, நூறு கிலோ பஞ்சு போட்டேன், நூறு கிலோ நூல் வந்துச்சுன்னு ஒரு சூப்பர்வைசர் எழுதுனா, நான் மொதல்ல அவனைத்தான் புடிப்பேன். அடுத்த சனிக்கெழமை வா. சேதாரம் எத்தனைன்னு பார்த்துட்டு வா. இல்லீன்னா இது நமக்கு வேண்டாம்."

ரங்கராஜுக்கு இந்த மில்லை விட்டால் வேறு வாடிக்கை கிடையாது. இது போனால் சென்டரை மூட வேண்டியதுதான். மூடினால் மாமனாரின் மோட்டார் பம்பு கடை. மாப்பிள்ளை என்றைக்காவது புத்தி தெளிந்து வருவார் என்று அந்த மனிதர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தினமும் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருப் பக்கமே ரங்கராஜ் போவதில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் மனைவி வரலட்சுமி சொன்னாள்: "அவுரு ஆசைப்படறாருங்களா? ரெண்டரை பர்சன்ட்டுன்னு ஏதாச்சும் சொல்லிப்போட்டு வேலையைப் பாருங்க."

சொன்னவள் அதோடு பருப்பைத் தாளிக்கப் போய்விட்டாள். கேட்டவன் அப்படிப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை, பிளாப்பியில் தகவல் ஏறி முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது: 'சேதாரம் 2.5%'.

கோவிந்தராஜுலுவின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் தம்பி இது ஒரு மெசின் மாதிரி இருக்குது. செரி, அந்த வேஸ்ட்டு எங்க உழுகுது?"

"எதுங்க?"

"ரெண்டரை பர்சன்ட். எங்கியாச்சும் உழுகோணுமல்ல? நம்ம மில்லுல வேஸ்ட்டை வெளிய எறியற பழக்கமே இல்ல. தரையில உழுகற பஞ்சைக்கூடக் கூட்டி அள்ளி விக்கறோம்."

ரங்கராஜ் ஒரு பொய்தான் சொன்னான். அதற்கு இப்போது சரக்கு காட்ட வேண்டியதாகிவிட்டது. மறுவாரம் புரோகிராம் இரண்டு பிளாப்பி கேட்டது. ஒன்றில் நிஜத் தகவல். இன்னொன்றில், தலையும் வாலும் இல்லாத எழுத்தும் எண்ணுமாக வெறும் குப்பை. இந்தக் குப்பையை யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் மட்டும் சிவப்பு லேபிள் ஒட்டினான். அந்த அளவுக்கு அவன் ஜாக்கிரதையான ஆள்.

கேட்டில் சரக்கு அனுப்புகிற கண்ணையா இரண்டு பிளாப்பியையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "செவப்புங்களா? செரிங்க, நான் பார்த்துக்கறேன்," என்றார். ரங்கராஜ் நிம்மதியாகப் பஸ் ஏறினான்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. ஹெட் ஆபீஸில் எப்படி என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் ஐயாசாமி, "ரொம்பச் சுத்தமா வருதுங்க," என்றார். வேஸ்ட் பிளாப்பிகூட விலை போனது. மில்லின் வேஸ்ட் பஞ்சை வாராவாரம் வாங்குகிற நசுருதீன், குடோனில் மூட்டைமேல் கிடந்ததைப் பார்த்து, "இதையும் போட்டுக் குடுங்களேன் முதலாளி, என் மக எதையாச்சும் பதிஞ்சுக்குவா," என்று வாராவாரம் எடுத்துப் போனார்.

"பாரு தம்பி, சும்மா வந்த சாமான்லயும் வேஸ்ட்டை வித்துப்போட்டேன்," என்றார் கோவிந்தராஜுலு. அவருக்கு இருந்த ஒரே குறை நசுருதீனைப் பற்றித்தான். "பாய்க்கு இப்பெல்லாம் என்னமோ ஆகிப்போச்சு. மூட்டையைத் தூக்காமயே எடை சொல்றாரு. இந்த வாரம் வேஸ்ட்டு ஜாஸ்தியாச்சுங்களே, வெலையைக் கொறைங்கங்கறாரு. நான் பேரம் பேசறதுக்கு முந்தியே நான் எறங்கற வெலையில வந்து நிக்கறாரு. எப்படித்தான் தெரியுதோ."

"அனுபவமுங்க," என்றான் ரங்கராஜ்.

"இருக்கும். ஆனா உன்ற சேதாரத்துலதான் எனக்கொரு சந்தேகம். வாரா வாரம் ரெண்டரைன்னே வருதே? உசுரோட ஓடற எந்த மெசினும் ஒரே மாதிரி வேஸ்ட்டு போடாது தம்பி. யாரோ எழுதி வெச்ச நம்பர் மாதிரியே இருக்குது."

அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. ரங்கராஜ் அன்றைக்கே உட்கார்ந்து, ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் கம்ப்யூட்டரே தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பரைப் போட்டுக்கொள்ளும்படி மாற்றினான். ஒரு வாரம் இரண்டு வந்தது, ஒரு வாரம் மூன்றே கால். முதலாளிக்குத் திருப்தி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜோசியம் கேட்கிறவர் மாதிரி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஆறரை வந்தது.

அன்று மத்தியானம் ரங்கராஜுக்குப் போன் வந்தது. "தம்பி, ராமாமணி பேசறேங்க. நான் அடிச்சதுல ஆறரை பர்சன்ட் சேதாரமாமா. கவனமில்லாம அடிக்கறேன், திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாம்னுட்டாரு முதலாளி. எந்த எடத்துல தப்பா அடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. ராத்திரியோட திருத்திக் குடுத்தர்றேன்."

அவள் தப்பே அடிக்கவில்லை. அந்த ஆறரை அவன் பெற்ற பிள்ளை.

வரலட்சுமி கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் அடுப்படியில நின்னுட்டு சும்மா சொன்னதை ஏனுங்க நெசமாலுமே செஞ்சீங்க? போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்க. பம்பு கடைக்குப் போனாப் போவுது. அந்தம்மா பொழப்புல மண்ணைப் போட வேண்டாம்."

திங்கட்கிழமை காலை மில் ஆபீஸில் எல்லோரும் இருந்தார்கள். ராமாமணி கம்ப்யூட்டர் அறைச் சாவியை ஒப்படைக்க வந்திருந்தாள். ஐயாசாமி, முதலாளி சொன்னபடி ஹெட் ஆபீஸுக்கு வந்த பிளாப்பிகளை ஒரு பையில் கட்டி எடுத்து வந்திருந்தார். நசுருதீன் லோடு ஏற்ற வந்து, ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ரங்கராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். இரண்டரையும் பொய், ஆறரையும் பொய். சுருக்குவதில் சேதாரமே கிடையாது. வேஸ்ட் பிளாப்பியில் இருப்பது அவனே கொட்டிய குப்பை. ராமாமணி அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை.

கோவிந்தராஜுலு கோபப்படவில்லை. யோசித்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"மொதல்ல இல்லீன்னே. அப்புறம் ரெண்டரைன்னே. அப்புறம் ஆறரை. இப்ப மறுபடியும் இல்லீங்கறே. இதுல எதைத் தம்பி நான் நம்பறது?"

"ஹெட் ஆபீஸ் பிளாப்பியெல்லாம் இங்கயே இருக்குதுங்களே. ஒண்ணை எடுத்துப் பிரிச்சுக் காட்டறேனுங்க. ராமாமணியக்கா தாள்ல எழுதி வெச்சிருக்கறதோட நீங்களே ஒத்துப் பாருங்க."

"பொருந்துச்சுன்னா வேலை உனக்கு, சாவி அம்மணிக்கு. பொருந்தலீன்னா ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல கெளம்பலாம்."

ஐயாசாமி பையை அவிழ்த்தார். ரங்கராஜ் ஒரு பிளாப்பியை எடுத்துச் செருகினான். திரையில் 'பிரிக்க முடியவில்லை' என்று வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதைத் திறந்தே காட்டினான். தலையும் வாலும் இல்லாத குப்பை.

"நூத்துக்கு நூறு சேதாரம்," என்றார் கோவிந்தராஜுலு.

ரங்கராஜ் அப்போதுதான் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தான். சிவப்பு லேபிள். பையில் இருந்த அத்தனையிலும் சிவப்பு லேபிள்.

"இது வேஸ்ட்டுங்க. வேஸ்ட்டை யாருங்க ஹெட் ஆபீஸுக்கு அனுப்புனது?"

கண்ணையாவைக் கூப்பிட்டார்கள். அவர் குழப்பத்தோடு எல்லோர் முகத்தையும் பார்த்தார். "செவப்புக் குறி போட்ட மூட்டை ஹெட் ஆபீஸுக்கு, குறி இல்லாத மூட்டை வேஸ்ட்டுக் குடோனுக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அதானுங்களே இங்க?"

மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரங்கராஜுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அப்ப நீங்க இத்தனை நாளா என்னத்தைய்யா படிச்சீங்க?" என்று கோவிந்தராஜுலு ஐயாசாமியிடம் திரும்பினார். "சுத்தமா வருதுன்னீங்களே?"

ஐயாசாமி வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "கெட்டுப்போன பிளாப்பியாப் பார்த்து அலுத்துப்போயி, இப்பெல்லாம் நான் அதைத் தொறக்கறதில்லீங்க. ராமாமணிகிட்ட போன்ல கேட்டு எழுதிக்குவேன். அந்தம்மா சுத்தமாத்தான் சொல்லுமுங்க."

"ஹெட் ஆபீஸ்ல கேட்டா எப்புடிங்க சொல்லாம இருக்கறது?" என்றாள் ராமாமணி, மெதுவாக.

ரங்கராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நல்ல பிளாப்பியெல்லாம் குடோனுக்குப் போய், விற்றும் போயாகிவிட்டது. இந்நேரம் அதன்மேல் வேறு எதையாவது பதிந்திருப்பார்கள். இனி எதைக் காட்டி நிரூபிப்பது? மாமனாரின் நாற்காலி கண்ணெதிரே பளபளவென்று தெரிந்தது.

நசுருதீன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்தோட சும்மா குடுத்த சிடி எங்க வீட்லயும் இருக்குதுங்க. என் மக சாயிரா பானு காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்குது. மேல பதியறதுக்கு முந்தி உள்ள என்னதான் இருக்குதுன்னு பார்ப்போமேன்னு, அதே சாமானை வெச்சு வாராவாரம் பிரிச்சு, பிரிண்ட் எடுத்துக் குடுத்துருமுங்க."

அவர் தோள்பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ராமாமணி பாய்ந்து எடுத்தாள். தன் தாள்களை விரித்து, விரலை வைத்து, வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். மெசின் மெசினாக, மூட்டை மூட்டையாக. கடைசித் தாளைப் புரட்டியதும் சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோவிந்தராஜுலு காகிதத்தையும் நசுருதீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப சேதாரம் எத்தனைங்க பாய்?"

"பிளாப்பியில ஒரு எழுத்துக்கூடக் கொறையலீங்க முதலாளி," என்றார் நசுருதீன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "ஆன சேதாரமெல்லாம், அதைப் படிச்சுட்டு வந்து நான் உங்ககிட்டப் பேசுன பேரத்துல ஆனதுதானுங்க."