என் பெயரில் ஒரு இடது கால்

வெள்ளக்கடைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில், ஒரு மனிதருடைய இடது காலுக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுடைய பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைப்பார்கள், பாலத்துக்கு வைப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு கால், அதுவும் சரியாக நடக்காத கால். இந்தக் கௌரவம் எப்படிக் கிடைத்தது என்பதை என் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. (இந்த வழக்கில் அம்மா இரண்டாம் குற்றவாளி. முதல் குற்றவாளி நான்.)

நான் மன்னார்க்காரி. ஊரில் சம்பளம் அரிசிக்கே போதாமல் போன காலத்தில், ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்தது. வெளிநாட்டில் வேலை என்றதும் உறவுக்காரர்கள் கனடாவா, லண்டனா என்றார்கள். ஏற்காடு என்றேன். அது எந்த நாட்டில் என்றார்கள். கடலைத் தாண்டினால் வெளிநாடுதானே, எங்களுடையது கொஞ்சம் சின்னக் கடல், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினேன். அடிவாரத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்து, பள்ளி வாசலில் இறங்கியபோது வெளிநாட்டு ஆசிரியைக்கு வேண்டிய கம்பீரம் எதுவும் என்னிடம் மிச்சமில்லை.

ஆனாலும் முதல் வாரத்திலேயே 'சிலோன் டீச்சர்' ஆகிவிட்டேன். அந்தப் பெயரில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லா டப்பாவும் மேசையின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். யாரும் தன் டப்பாவில் இருந்து தான் எடுக்கக் கூடாது. என் சோற்றை நீ தின்பாய், உன் குழம்பை அவள் தின்பாள், அவள் பொரியல் எனக்கு. தனியாக உட்கார்ந்து தன் டப்பாவைத் தின்றால், ஏதோ சண்டை என்று தலைமையாசிரியர் வரைக்கும் செய்தி போய்விடும்.

என் இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்காருவார்கள். இடது பக்கம் சமூக அறிவியல் சபீனா. ஏரிப் பக்கம் அவர்களுடைய குடும்பத்துக்கு மளிகைக் கடை. அவள் டப்பாவில் வாரத்தில் நான்கு நாள் ஆட்டுக்கறி இருக்கும், ஐந்து நாள் வாய் ஓயாது. வலது பக்கம் கணக்கு டீச்சர் பூங்கொடி. மலையிலேயே தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். என்னைவிட எட்டு வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொண்டுவரும் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இல்லாவிட்டால் நான் முதல் மாதமே ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

அந்த வருடம் மிளகு பறிக்கும் பருவத்தில் பூங்கொடி அக்காவின் கணவர் பொன்னுசாமி அண்ணன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற உயரமான மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறும். ஒற்றை மூங்கில் ஏணி, சறுக்கிவிட்டது. முதுகெலும்பில் அடி. சேலத்தில் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கால்கள் இரண்டும் அசையவில்லை. வருமா என்று கேட்டால் டாக்டர்கள் வரலாம் என்றார்கள்.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாள் சபீனா கறி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு வேண்டாமுங்க சபீனா. அவரு எந்திரிச்சு நடக்கற வரைக்கும் கவுச்சி தொடறதில்லன்னு சேர்வராயனுக்கு வேண்டியிருக்கறேன்."

சேர்வராயன் அந்த மலையின் உச்சியில் குகைக்குள் இருக்கிற சாமி. சபீனா டப்பாவைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். நான்தான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே மேசையை இரண்டாகப் பிரித்தேன். இந்தப் பக்கம் கவுச்சி, அந்தப் பக்கம் சைவம். சைவப் பக்கத்துக் கரண்டிகளின் காம்பில் ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்த பச்சை டேப்பைச் சுற்றினேன். யாராவது கறிக் குழம்பில் பச்சைக் கரண்டியைப் போட்டால், சோற்றுக் கையோடு எழுந்து நின்று சத்தம் போடுவேன். என்னைக் கண்டாலே பி.டி. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அக்காவின் விரதத்துக்கு நானே காவல் அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாத விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும்போது அம்மா நான்கு போத்தல் சீனிச் சம்பல் கட்டித் தந்தாள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, புளியும் மிளகாயும் சீனியும் போட்டு, மணிக்கணக்கில் வதக்கி, கறுப்புச் சிவப்பாகச் சுண்ட வைப்பது. மாதக்கணக்கில் கெடாது. ஒரு விரல் தொட்டால் ஒரு கவளம் உள்ளே போகும். அதை நான் எந்தப் பக்கம் வைத்தேன் என்று கேட்கிறீர்களா? சைவப் பக்கம். வெங்காயம்தானே.

அக்கா முதல் நாள் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் விழுந்த நாளிலிருந்து அக்கா எதையும் ருசித்துத் தின்று நான் பார்க்கவில்லை.

"நொம்ப நல்லா இருக்குதுங்க டீச்சர். ஏதோ ஒரு வாசம் வருதுங்களே, புகையில போட்டு எடுத்தாப்பல."

"எங்கட அம்மா விறகடுப்பிலதான் வதக்குறவா அக்கா. அந்தப் புகைதான்" என்றேன் பெருமையாக.

சபீனா ஒரு தரம் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏதோ கருவாட்டுக் கடைப் பக்கம் போன மாதிரி இருக்குதே" என்றாள். நான் அவளை முறைத்த முறைப்பில் மூடியை மூடி வைத்துவிட்டாள். கறி தின்கிற மூக்குக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்றுகூடச் சொன்னேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கரண்டி, பச்சைக் கரண்டியால், நானே அக்காவின் தட்டில் வைப்பேன். ஒரு சின்ன டப்பாவில் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். படுக்கையில் கிடந்த அண்ணன் இரண்டு வாய்க்குமேல் எதையும் இறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். சம்பல் போனதும் ஒரு தட்டுச் சோறு தின்றாராம். அதைச் சொல்லிக்கொண்டே அக்கா காலி டப்பாவை மறுபடி நீட்டினார். எனக்கோ தலை கூரையில் இடித்தது.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை. மழை. போத்தல் தீரப்போகிறது என்று அக்காவுக்குக் கவலை.

"ஏனுங்க டீச்சர், இத எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன். அவருக்கு இது இல்லாம எறங்க மாட்டேங்குது."

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்றேன். கலவையின் கூறுகளை ஒன்றுவிடாமல் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

"பெரிய வெங்காயம் ஒரு கிலோ. மிளகாய்த்தூள். புளி. சீனி. கறுவாப்பட்டை, ஏலக்காய். பிறகு மாசி ஒரு கைப்பிடி, இடிச்சது."

"மாசின்னா என்னங்க? நம்ம சபீனா கடைல கெடைக்குமுங்களா?"

"இங்க கிடையாது அக்கா. அது மாலைதீவில இருந்து வாறது. சூரையை அவிச்சு, கல்லு மாதிரிக் காயுற வரைக்கும் புகை..."

புகை என்ற சொல்லில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் மாசி, மீன் சட்டிப் பக்கம் இருக்காது. உப்புக்கும் பெருங்காயத்துக்கும் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை விழும். அது ஒரு காலத்தில் கடலில் நீந்தியது என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. முப்பத்தொரு வயதில், வேதியியலில் முதுகலைப் பட்டத்தோடு, அந்த ஆசிரியர் அறையில் நின்றபோதுதான் வந்தது.

"சூரைன்னா மீனுங்களா?" என்றார் அக்கா.

நான் தலையாட்டினேன்.

அவர் பேனா மூடியைப் போட்டார். கறி டப்பாவின் மேல் சபீனாவின் கை அப்படியே நின்றது. அக்கா நோட்டைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தார். முதலில் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சனி ஞாயிறு தள்ளி, நான் லீவு போட்ட ரெண்டு நாளுந் தள்ளி, இருபத்தி மூணு நாளுங்க" என்றார்.

பிறகு எழுந்து போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தார். நெடுநேரம் கொப்பளித்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மணிக்கு ஏழாம் வகுப்பில் அவர் பின்னங்கள் நடத்திய குரல் சுவர் தாண்டிக் கேட்டது. எப்போதும் போலத்தான் இருந்தது. நான் ஆய்வகத்தில் அமிலப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அண்ணனுடைய கால் அசையாமல் போனால் அது யாரால் என்று அந்த வீட்டில் ஒரு பதில் இருக்கும். இருபத்து மூன்று கரண்டியும் நான் வைத்தது.

மறுநாளிலிருந்து அக்காவின் டப்பா மேசைக்கு வரவில்லை. நூலக ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து தின்றார். மேசையில் கீரை இல்லை, களி இல்லை. சைவப் பக்கம் பச்சைக் கரண்டிகள் மட்டும் கிடந்தன. நான் வந்து உட்கார்ந்தால் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசைக்குப் போகாமல் சேர்வராயன் மலைக்குப் போனேன். எனக்கு அந்தச் சாமியைப் பழக்கமில்லை, அவருக்கும் என்னைப் பழக்கமில்லை. என்ன சொல்லிக் கும்பிடுவது என்றும் தெரியவில்லை. குனிந்து போக வேண்டிய குகை. பதற்றத்தில் நிமிர்ந்தபடியே நுழைந்து நெற்றியைப் பாறையில் மோதிக்கொண்டேன். தப்பு என்னுடையது, அவரை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அப்படியே, நெற்றியில் வீக்கத்தோடு, அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த அக்கா என் நெற்றியைப் பார்த்தார், வழிவிட்டார். உள்ளே கட்டிலில் அண்ணன். அவரை முதல் தடவை அப்போதுதான் பார்க்கிறேன். மரம் ஏறி முறுக்கேறிய கைகள், போர்வைக்குள் அசையாத கால்கள்.

"சிலோன் டீச்சருங்களா? வாங்க. சம்பல் கொண்டாந்தீங்களா?" என்றார்.

"கொட்டிட்டேன் அண்ணே. மிச்சம் இருந்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைச்சிட்டேன்."

"ஏனுங்க அப்படிப் பண்ணீங்க? வேண்டுனவ அவ. நானா வேண்டுனேன்? நாந் திங்கலாமுல்ல."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். அன்று அவர் சொன்னதை நான் ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன்.

"நீங்க தெரியாம வெச்சீங்க. நானுந் தெரியாமத் தின்னேன். ஆனா சாமிக்குத் தெரியுமுல்லங்க? இருவத்தி மூணு நாளும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? ஒரு நாளாவது எனக்குக் கொமட்டலக் குடுத்திருக்கலாமுல்ல? உங்க மேல எனக்குக் கோவமில்லைங்க டீச்சர். எனக்கு அவருகிட்டத்தான் சண்டை."

"அப்ப விரதம், அக்கா?"

"மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுட்டேன். வேற என்ன பண்றது?"

களி கிண்டிப் போட்டார். தின்றேன். தட்டில் ஒரு துளி விடவில்லை. ஆனாலும் பள்ளியில் அவருடைய டப்பா நூலக ஜன்னலோரத்திலேயே இருந்தது.

கார்த்திகையில் அண்ணனுடைய வலது காலில் பெருவிரல் அசைந்தது. பொங்கலுக்குக் கம்பை ஊன்றி நின்றார். வலது கால் முழுசாக வந்துவிட்டது. இடது கால் வரவில்லை, இனி வராது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார். மரம் ஏறுவது முடிந்துபோன கதை.

பங்குனியில் ஒரு மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். ஆசிரியர் அறை வாசலில் கம்பை ஊன்றி எல்லாரையும் பார்த்தார்.

"எங்க ஊட்ல ஒரு வழக்குங்க. இந்த வலது கால் கருவாட்டுச் சம்பல் தின்னதுனாலதான் வந்துச்சுன்னு நாஞ் சொல்றேன். இந்த எடது கால் அதத் தின்னதுனாலதான் வரலைன்னு இவ சொல்றா. தீர்ப்பு ஆகற வரைக்கும் எடது காலுக்கு டீச்சர் பேர வெச்சிருக்கறோம். குளிர் நாளு வந்தா, சிலோன் டீச்சர் குத்துதுன்னுதான் எங்க ஊட்ல பேச்சு."

சபீனா புரையேறிச் சிரித்தாள். பி.டி. மாஸ்டர் மேசையைத் தட்டினார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். நூலகத்துக்குப் போகக் கிளம்பியிருந்த பூங்கொடி அக்கா சிரிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மேசையின் நடுவில் வைத்தார்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றும் என் டப்பா திறக்கும் முன் நான் எழுந்து நின்று உள்ளே இருப்பதையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். உப்பு வரைக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு சபீனா முதல் நாளே கதையைச் சொல்லிவிடுவாள், அவர்களும் சிரிப்பார்கள். ஒப்பித்து முடித்ததும் அக்கா கேட்பார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான் அக்கா."

அவருடைய விரதம் முடியவில்லை. கம்பில்லாமல் நடப்பதுதான் நடப்பது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார், கணக்கு டீச்சரிடம் யார் வாதாடுவது? நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மீன் தொடவில்லை. மன்னாரில் பிறந்தவளை இந்தியா கெடுத்துவிட்டது என்று அம்மா போனில் புலம்புகிறாள், ஊரில் என்னை ஐயர் வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். மேசையின் கவுச்சிப் பக்கம் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்து சிரித்துப் பேசித் தின்கிறார்கள். இந்தப் பக்கம் நானும் அக்காவும் ஆளுக்கொரு பச்சைக் கரண்டியோடு கீரையைத் தின்கிறோம்.