மூலையில் மாட்டிய கோட்டு

இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலும் திறக்கப்படாது என்று என் கணவர் அறிவித்தார். சொன்னதோடு நிற்காமல் இடுக்கெல்லாம் டேப்பும் ஒட்டினார். கேப் டவுனின் ஜூலைக் காற்று தன்னைத் தேடித்தான் கடல் தாண்டி வருகிறது என்று அவருக்கு நினைப்பு.

உள்ளே ஐந்து பேர் மூச்சு, மண்ணெண்ணெய் ஹீட்டர், நாள் முழுக்கச் சோளமும் பீன்ஸும் வேகும் பானை. அத்தனை ஆவியும் எங்கே போகும்? ஜில்லென்ற வெளிச்சுவரில் பட்டுத் தண்ணீராய் வழிந்தது. படுக்கையறை மூலையில் பூஞ்சை பச்சையாய்ப் படர்ந்தது. என் ஊதா மேலங்கி மாட்டுவது அங்கேதான். மாதக் கடைசியில் புனித அன்னம்மாள் திருநாள். அந்த மேலங்கி இல்லாமல் எங்கள் பெண்கள் சங்கத்து வரிசையில் நிற்க விடமாட்டார்கள்.

"ராதேபே," என்றேன். நாங்கள் ஒருவரையொருவர் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். சண்டையிலும் மரியாதை உண்டு. "தினம் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறங்க. இல்லேன்னா என் துணி முளைச்சிடும்."

"அந்த மூலையில ஈரமே இல்ல, மாம்பிங்கா. எல்லாம் உன் பிரமை."

சரி, பிரமையே இருக்கட்டும். அதே மூலையில் தொங்கிய அவருடைய கோயில் பாடகர் குழுக் கோட்டை எடுத்து, காய்ந்த உள்சுவர்ப் பக்கம் மாட்டினேன். உங்கள் கோட்டாவது தப்பிக்கட்டும் என்று சொல்லியும் வைத்தேன்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூலை காய்ந்த மூலைதான் என்று நிரூபிக்கிறேன் பார் என்று, கோட்டை மூலைக்கும் மேலங்கியை உள்சுவருக்கும் தானே மாற்றினார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னால் கேட்டுவிடுவாரோ என்று நிறுத்திக்கொண்டேன்.

திருநாளன்று என் மேலங்கி மொடமொடவென்று இருந்தது. அவருடைய நீலக் கோட்டில், சுவரைத் தொட்ட இடது கை தோள்வரை பச்சை. துடைத்தார், பரவியது. அதையே போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பின்வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு வுயிசிலே, பாட்டுக்கு நடுவே தும்மித் தும்மி, இது என்ன நிறம் என்று கேட்டாராம். இவர் அசரவில்லை. புது மோஸ்தர் என்றாராம்.

வீட்டுக்கு வந்தும் தலை நிமிர்ந்தே இருந்தது. "நல்லாத்தான் இருக்குன்னாங்க."

கோட்டைக் கழற்றி வாங்கினேன். திருப்பி, வலது கை சுவரில் படும்படி அதே மூலையில் மாட்டினேன்.

"அப்ப இந்தக் கையும் பச்சையாகட்டும். ஒண்ணு மட்டும் நீலமா இருந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

என்னைத் தாண்டிப் போய் அவரே டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார். அறை ரொம்பப் புழுங்குகிறதாம்.